அட்டை தாய்வீட்டில் கிடக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு ஒரு வயது வரை அம்மாவின் எதிர்ப்பாற்றலே போதும் என்ற பொருளில் தங்கள் இதழ்க் கட்டுரை ஒன்றில் ஒரு வரி வந்திருந்தது. அதைக் காட்டித்தான் எங்கள் அங்கன்வாடிக்கு வந்த ஒரு பாட்டி, பேரனுக்கு ஊசியே வேண்டாம் என்று வாதாடினார். எனக்கு மனம் ஆறவில்லை.

தாயின் ரத்தத்திலுள்ள ஐஜிஜி என்ற ஆன்டிபாடி (நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதம்) நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குச் சேர்வது உண்மை. அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் போகிறது. அதனால் குறைமாதப் பிள்ளைக்குக் கிடைப்பது குறைவு. கர்ப்பிணிக்குப் போடும் டிடி ஊசி, பிறக்கும் பிள்ளையை ரண ஜன்னி என்ற டெட்டனஸிலிருந்து காப்பதும் இந்த வழியில்தான். ஆனால் கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அது பாதியாகிவிடும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் பிள்ளையின் கையிருப்பு மிகவும் தாழ்ந்துபோகிறது. பிள்ளையின் உடல் தானே உண்டாக்கும் ஐஜிஜி பெரியவர்களின் அளவை நெருங்கச் சில ஆண்டுகள் ஆகும். சீம்பாலில் நிறைந்திருப்பது ஐஜிஏ என்ற வேறு வகை. அது குடலுக்குக் காவல். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டவே கூடாது. ஆனால் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஊசிக்கு அது மாற்று ஆகாது.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பிரசவத்துக்குப் பெண்கள் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ தாய்வீடு போகிறார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு திரும்புகிறார்கள். அம்மா கொடுத்த காவல் கரைகிற அதே மாதங்கள்! 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் இந்தப் போக்குவரத்தில்தான் தவறுகின்றன. தடுப்பூசி அட்டை தாய்வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. தமிழ்நாட்டு அட்டைக்குக் கேரளத்தில் போடுவார்களா என்று தயங்கியே வாரங்களைக் கடத்துகிறார்கள். தேசியத் தடுப்பூசி அட்டவணை இரு மாநிலத்துக்கும் ஒன்றுதான், அரசு மையங்களில் இலவசம்தான் என்று வீடு வீடாகச் சொல்லிவருகிறேன்.

தட்டம்மை ஊசி மட்டும் ஏன் 9 மாதம் வரை காத்திருக்கிறது என்றும் கேட்கிறார்கள். தாயின் ஆன்டிபாடி மிச்சமிருந்தால் ஊசியில் உள்ள வலுவிழந்த கிருமியை அதுவே அடக்கிவிடும். பிள்ளையின் உடலுக்குப் பழக வாய்ப்பே கிடைக்காது. அதனால்தான் 9 மாதம் முடிந்து முதல் ஊசி, 16 மாதத்துக்கு மேல் இரண்டாவது. இங்கிருந்து தொலைவில்லாத மலப்புறத்தில் 2022 இறுதியில் தட்டம்மை பரவியபோது, நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாத பிள்ளைகள்.

தயவுசெய்து அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அட்டவணையையும் சேர்த்து அச்சிட்டால் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பாட்டியின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பேன். பேரனுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. ஆறாம் வார ஊசியே இன்னும் போடவில்லை.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.