நீல ரெசினில் தங்குவது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரதத் துண்டுகளைப் பிரிக்கும் முறைகள் பற்றி அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒரு திருத்தம். (பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி; ரெசின் என்பது குழாயில் நிரப்பும் நுண்மணிகள்.) "உலோகம் ஏற்றிய ரெசினில் பெப்டைடு ஒட்டிக்கொள்ளும், அமினோ அமிலம் கழுவிப் போய்விடும்" என்று பொதுவாகச் சொல்லி, படத்திலும் அப்படியே குறித்திருக்கிறார்கள். ஓர் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இந்த ரெசினைக் குழாயில் நிரப்பித் தருவதே பல வருடம் என் வேலையாக இருந்தது. காப்பர் ஏற்றிய ரெசினில், காரக் கரைசலில், நடப்பது நேர் எதிர். முதலில் வெளியே வருவது பெப்டைடு. தங்கி நிற்பது அமினோ அமிலம்.

கட்டுரையாளர் குழம்பிய இடம் எனக்குப் புரிகிறது. சுவீடனின் உப்சாலாவில் ஜெர்கர் போராத் என்ற வேதியியலாளரின் குழுவினர் 1975இல் வெளியிட்ட முறை, அப்புறம் அதையொட்டி வந்த நிக்கல் ரெசின், இவை இரண்டும்தான் இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கின்றன. அங்கே புரதத்தின் வாலில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஆறு முறை கோத்துவிடுவார்கள். அந்த வால் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவிப் போகும். அது சரி. ஆனால் அதற்கு முன்பே, 1960களில், சிறுநீரில் உள்ள பெப்டைடுகளை அமினோ அமிலங்களிடமிருந்து பிரிக்கக் காப்பர் ரெசினைப் பயன்படுத்தினார்கள். அது வேறு கணக்கு.

இன்னொன்று, ரெசினைச் சல்லடையோடு ஒப்பிட்டது. அளவுதான் காரணம் என்றால், டிரிப்டோபான் என்ற ஒற்றை அமினோ அமிலத்தின் மூலக்கூறு எடை 204. மூன்று கிளைசின் சேர்ந்த பெப்டைடுக்கோ 189தான். சல்லடையால் இவற்றை எப்படிப் பிரிப்பது?

விஷயம் பிடிமானத்தில் இருக்கிறது. ரெசின் மணியில் இமினோடைஅசிடேட் என்ற கை இருக்கிறது. அது ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் என மூன்று இடத்தில் காப்பரைப் பிடிக்கும். மிச்சம் இருக்கும் இடத்தில் அமினோ அமிலம் தன் அமினோ முனையையும் கார்பாக்சில் முனையையும் கொண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். பெப்டைடுக்கு அந்த இடம் போதாது. காப்பர் பக்கத்தில் இருந்தால், காரத்தில், பெப்டைடு பிணைப்பில் உள்ள நைட்ரஜன் தன் ஹைட்ரஜனை உதிர்த்துவிட்டு நேராகக் காப்பரைப் பிடிக்கும். சாதாரணமாக அது அவ்வளவு சுலபத்தில் ஹைட்ரஜனை விடாது. மூன்று கிளைசின் பெப்டைடு இப்படி நான்கு இடத்தில் சுற்றி வளைத்தால், உருவாகும் கூட்டுக்கு மொத்தத்தில் ஓர் எதிர்மின்சுமை. ரெசினின் காலிக் கைகளும் எதிர்மின்சுமைதான். பிறகு எங்கே நிற்பது? காப்பரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடும். பள்ளியில் செய்யும் பையூரெட் சோதனையின் ஊதா நிறத்துக்கும் காரணம் இதே பிடிதான்.

கண்ணால் பார்த்தால் சந்தேகமே வராது. வெள்ளை ரெசினில் மயில்துத்தக் கரைசலை ஊற்றினால் மணிகள் அடர்நீலமாகும். கழுவும் நீரில் நீலம் வராமல் போகும்வரை கழுவ வேண்டும். குழாயின் அடியில் காப்பர் ஏற்றாத ரெசினைக் கொஞ்சம் போட்டு, அதன்மேல்தான் நீல ரெசினை நிரப்புவோம். பி.எச். 11 அளவில் போரேட் கரைசலை விட்டு, மாதிரியை மேலே ஊற்றினால், பெப்டைடு தூக்கி வரும் காப்பரை அந்த வெள்ளை அடுக்கு வாங்கிக்கொள்ளும். அதன் மேல் விளிம்பு மெல்ல நீலம் பூசிக்கொண்டு இறங்குவது தெரியும். பெப்டைடு மட்டும் கீழே சொட்டும். அமினோ அமிலங்களை எடுக்க அம்மோனியாக் கரைசல். அம்மோனியா காப்பரில் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியேற்றும். உலோகத்தைப் பிடித்திருக்கும் ஒன்றை இன்னொன்று தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும் இந்த வித்தைதான், 1961இல் ஹெல்ஃப்ரிக் என்ற வேதியியலாளர் சொன்ன ஈந்தணைவிப் பரிமாற்றம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஹிஸ்டிடின் உள்ள பெப்டைடு ரெசினை விட்டு இறங்க அடம்பிடிக்கும். புரோலின் என்ற அமினோ அமிலம் இரண்டாவதாக வரும் இரட்டைப் பெப்டைடின் பிணைப்பில் உதிர்க்க ஹைட்ரஜனே கிடையாது; அது பெப்டைடுக் கூட்டத்தோடு போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது. "நூறு சதவீதப் பிரிவினை" என்ற உங்கள் துணைத்தலைப்பு அதனால் கொஞ்சம் அதிகம்.

கட்டுரையைப் படித்துவிட்டு எந்தக் கல்லூரி மாணவராவது முயன்றால், அவருக்கு ஒரு வார்த்தை. அம்மோனியாவில் வந்த பகுதியை முழுக்க உலர்த்தாமல், அமினோ அமிலத்தை ஊதா நிறத்தால் காட்டிக்கொடுக்கும் நின்ஹைட்ரினைத் தெளிக்காதீர்கள். அம்மோனியாவே ஊதா நிறம் தரும். வெறும் கரைசலைப் பார்த்து அமினோ அமிலம் என்று நோட்டில் எழுதிவிடுவீர்கள். புள்ளி ஊதாவாக வராமல் செம்மையாக வந்தால் காப்பர் கசிந்திருக்கிறது என்று பொருள். அடியில் போட்ட வெள்ளை ரெசின் போதவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்