இலையுதிர்காலக் கடலில் தூண்டில் போடப் போகும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

இந்த இலையுதிர்காலத்தில் முதன்முறையாகக் கடற்கரையில் நின்று தூண்டில் போடப் போவதாகவும், கிடைப்பதை நீயே சமைக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். எப்படிப் பிடிப்பது, எப்படிச் சமைப்பது என்ற இரண்டையும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு நடுவில் இருக்கும் சிறிது நேரத்தைப் பற்றி நீ கேட்கவே இல்லை. மீன் நீரைவிட்டு வெளியே வந்த முதல் அரை மணி நேரத்தில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் தட்டில் வந்து விழும் சுவையைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பருவத்தில் அந்த அரை மணி நேரத்துக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. நிலம் குளிரத் தொடங்கிய பின்னும் கடல் தன் வெப்பத்தை எளிதில் விடுவதில்லை. கோடையின் கடைசியில்தான் அதன் மேற்பரப்பு மிகுந்த வெதுவெதுப்பை அடைகிறது. பகல் குறைந்து நீர் மெல்லக் குளிரும்போது, கோடை முழுவதும் கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் வளர்ந்த சிறுமீன்கள் கூட்டங்கூட்டமாகக் கடலுக்கு வெளியேறிக் கரையை ஒட்டியே நகர்கின்றன. உலகின் பல கடல்களில் வாழும் மடவை மீன் முட்டையிடுவதற்காகக் கழிமுகத்தைவிட்டு வெளியேறுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். வலசைக்கும் குளிர்காலத்துக்கும் தேவையான கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பெரிய மீன்கள் இவற்றைத் துரத்திக்கொண்டு கரைக்கு மிக அருகில் வருகின்றன. ஆகவே உனக்குக் கிடைக்கும் மீன் கொழுத்த மீனாக இருக்கும். சுவை தருவது அந்தக் கொழுப்புதான். காற்றும் வெப்பமும் பட்டால் விரைவில் சிக்குவாடை அடிக்கத் தொடங்குவதும் அதுவேதான்.

கரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள, நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் ஒருமுறை வெறுங்கையுடன் போய்வா. மணல்திட்டுகள் எங்கே உள்ளன, அவற்றுக்கும் கரைக்கும் நடுவில் பள்ளம் எங்கே ஓடுகிறது, திட்டில் எந்த இடத்தில் உடைப்பு இருக்கிறது என்பதெல்லாம் அப்போது வெளிப்படையாகத் தெரியும். நீர் ஏறிய பிறகு, அலை வெண்மையாக உடையும் இடம் திட்டு என்றும், உடையாமல் கருமையாகத் தெரியும் இடம் பள்ளம் என்றும் கொள்ளலாம். மீன்கள் இரை தேடும் வழி அந்தப் பள்ளமும் உடைப்பும்தான். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி நேரம் இருக்கும். முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். நீர் நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் விடியலோடோ அந்தியோடோ சேர்ந்து வரும் நாளைத் தேர்ந்தெடு. ஆலாக்களும் கடற்காகங்களும் ஓரிடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் அங்கே சிறுமீன் கூட்டம் இருக்கிறது; அதன் கீழே அதைத் தின்னும் மீன் இருப்பதற்கும் வாய்ப்பு மிகுதி.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. 3 முதல் 4 மீட்டர் நீளமுள்ள கோல், நீரோட்டத்தில் உருளாத அளவுக்குக் கனமான ஈயம், அந்தக் கரையில் அப்போது திரியும் சிறுமீன் அல்லது இறால் துண்டு ஆகியவை போதும். முள்ளை மட்டும் பார்த்து வாங்கு. நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள்ளைப் பயன்படுத்தினால், மீன் இரையைக் கவ்விக்கொண்டு திரும்பும்போது அது வாயின் ஓரத்தில் தானாகவே மாட்டும். நீ கோலைச் சுண்டக் கூடாது, சீராகச் சுற்றினால் போதும். முள் தொண்டைக்குள் போகாததால், திருப்பி விடவேண்டிய மீன் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

உன் பாதுகாப்பைப் பற்றி நான் அஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். இலையுதிர்காலப் புயல்கள் வெகுதொலைவில் எழுப்பும் நீண்ட அலைகள், நீ நிற்கும் கரையில் வானம் தெளிவாக இருக்கும்போதும் வந்து சேரும். நெடுநேரம் அமைதியாக இருந்த நீர் திடீரென்று நான்கைந்து பேரலைகளை அடுத்தடுத்து அனுப்பக்கூடும். எனவே பாறைமீது ஏறுவதற்கு முன் குறைந்தது இருபது நிமிடம் தள்ளி நின்று கடலைப் பார். ஈரமாக இருக்கும் பாறையில் நிற்காதே. மிதவைச் சட்டை அணியாமலும் துணையில்லாமலும் போகாதே.

மீன் கைக்கு வந்ததும் அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை உடனே முடிவு செய். உன் கரைக்குரிய அளவு விதிகளையும் எண்ணிக்கை வரம்பையும் முன்பே படித்து வைத்திருந்தால் இதில் தயக்கம் வராது. விதி அனுமதித்தாலும் மிகப் பெரிய மீனை விட்டுவிடும்படி உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். பல இனங்களில் பெரிய தாய்மீன் தன் எடையின் விகிதத்தைவிடக் கூடுதலாக முட்டையிடும். விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு பிடி; உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்புப் படலத்தை உரித்துவிடும்.

வைத்துக்கொள்வதானால் அதைத் துடிக்க விடாதே. இது இரக்கத்தின் பொருட்டு மட்டும் சொல்வதன்று. மீனின் தசையில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு நிறைந்திருக்கிறது. மணலில் கிடந்து துடிக்கும் மீன் அதைச் செலவழித்துத் தீர்த்து, தசையில் அமிலத்தைச் சேர்த்துக்கொள்கிறது. விறைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது, சதை தளர்ந்து போகிறது. அமைதியாக உயிர்விட்ட மீனிலோ அந்த ஏடிபி படிப்படியாகச் சிதைந்து இனோசினேட் என்ற பொருளாகிறது. 1913ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிவியலாளர் ஷின்டாரோ கொடாமா உலர்ந்த சூரை மீனின் சுவைக்குக் காரணமாகக் கண்டறிந்தது இதைத்தான். நாட்கள் கடந்தால் இதுவும் சிதைந்து, கசப்புள்ள ஹைப்போசாந்தைனாக மாறும். துடித்துக் களைத்த மீனில் இந்த வரிசை முழுவதும் விரைந்து ஓடிவிடுகிறது. எனவே கண்களுக்குச் சற்று மேலே, மூளை இருக்கும் இடத்தில், கட்டையால் ஓர் உறுதியான அடி கொடு. ஜப்பானியர்கள் இக்கேஜிமே என்ற முறையில் கூர்முனையால் மூளையைக் குத்தி, முதுகுத்தண்டின் நரம்பையும் கம்பியால் அழிக்கிறார்கள். அதைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

அடுத்த நிமிடமே செவுள் வளைவுகளை வெட்டி, கடல்நீர் நிறைந்த வாளியில் தலைகீழாக வை. இதயம் இன்னும் சிறிது நேரம் துடிக்கும் என்பதால் குருதி தானே வடிந்துவிடும். குருதி வடியாத சதை கறுக்கும், விரைவில் நாறும். பிறகு பனிக்கட்டி இரண்டு பங்கும் கடல்நீர் ஒரு பங்கும் கலந்த கூழில் மீனை முழுவதுமாக அமிழ்த்து. வெறும் பனிக்கட்டிமேல் வைத்தால் தொடும் இடம் மட்டுமே குளிரும். உப்புநீர்க் கூழோ எல்லாப் பக்கமும் சூழ்ந்து விரைவாகக் குளிர்விக்கும்.

கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்றவை கிடைத்தால் இதில் ஒரு கணமும் தாமதிக்காதே. வெப்பத்தில் கிடந்தால், அவற்றின் சதையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளாக மாற்றிவிடுகின்றன. அதை உண்டால் முகம் சிவந்து, தலை வலித்து, தோல் தடிக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மூக்கால் முகர்ந்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பிடித்த நேரம் முதல் குளிர்ச்சி குறையாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு காப்பு இல்லை.

குடலை அன்றே எடுத்துவிடு. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார். அடுத்த முறை எந்த இரை வேண்டும் என்பது அங்கே தெரியும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புக் கோட்டைச் சுரண்டி எடு. வெட்டிய துண்டுகளைக் குழாய்நீரில் ஊறவிடாமல் துடைத்து உலர்த்து.

விறைத்திருக்கும் மீனைச் சமைக்காதே. துண்டு சுருண்டு கடினமாகும். விறைப்பு விடும்வரை பனிக்கட்டியில் காத்திருந்து, பெரும்பாலும் மறுநாள் சமைப்பதே நல்லது. தோலை நன்றாகத் துடைத்து, கால் மணி நேரம் முன்பே உப்பிட்டு, கசியும் நீரை மறுபடி துடைத்துவிட்டு, சூடேறிய சட்டியில் தோல்பக்கம் கீழே இருக்க வைத்து முதல் அரை நிமிடம் அழுத்திப் பிடி. சமையலின் பெரும்பகுதி அந்தப் பக்கத்திலேயே நடக்கட்டும். மறுபக்கம் சிறிது நேரம் போதும். வெள்ளைத் திரள் துளித்துளியாகக் கசிந்தால் சற்று மிஞ்சிவிட்டது என்று பொருள். கொழுத்த மீனுக்கு நெருப்பும் எலுமிச்சையும் போதும். புளிப்பு, மீன்வாடை தரும் அமின்கள் என்ற பொருட்களைக் கட்டிவிடும். பச்சையாக உண்ண ஆசைப்பட்டால், ஒட்டுண்ணிப் புழுக்களை அழிப்பதற்காக -20 பாகை செல்சியஸில் 7 நாட்கள் உறையவைத்த பின்பே உண்ண வேண்டும்.

கொழுப்பு குறைந்த மீனின் தலையையும் எலும்பையும் வீசிவிடாதே. செவுளை நீக்கி, குளிர்ந்த நீரில் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல் அரை மணி நேரத்துக்குள் வடித்தால் தெளிந்த சாறு கிடைக்கும். கொழுத்த மீனின் எலும்பு இதற்கு ஆகாது, எண்ணெய் வாடை சாற்றைக் கெடுத்துவிடும். அத்தகைய மீனை உறைபெட்டியிலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் வைக்காதே. ஆகவே ஒரு வாரத்தில் வீட்டார் உண்ணும் அளவு கையில் சேர்ந்ததும் தூண்டிலைச் சுற்றிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்