அசையாமல் காத்தவர்களுக்கு

மானாமதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் என் படத்துக்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

படம் முடிந்துவிட்டது. நான்கு நிமிடம் ஓடுகிறது. அய்யனார் கோயில் முன்னால் வரிசையாக நிற்கும் மண் புரவிகளில் ஒன்று, கோடைக்கால இரவொன்றில் மேடையை விட்டு இறங்கி, வறண்ட கண்மாய்க்குள் நடந்து போய், மழை வரும்வரை அங்கேயே நிற்கிறது. கதை இவ்வளவுதான். காட்சித் தொடர்பியல் இறுதியாண்டுச் செயல்திட்டமாக இதைக் கல்லூரியில் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயர்கள் படத்தின் கடைசியில் வருகின்றன. ஆனால் பெயர்கள் வேகமாக மேலேறிப் போய்விடும். யார் என்ன செய்தார்கள் என்பது அதில் தெரியாது. அதை விரிவாகச் சொல்லத்தான் இந்த மடல்.

ஸ்டாப் மோஷன் என்றால் என்ன என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி நகர்த்தி இன்னொன்று எடுக்க வேண்டும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம்கள். ஒரே படத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு வைத்துக்கொண்டால் வினாடிக்கு 12 படங்கள் போதும். அப்படிப் பார்த்தாலும் நான்கு நிமிடத்துக்கு 2,880 படங்கள். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் குதிரையை எப்படி நடக்க வைத்தாய் என்றே கேட்கிறார்கள். நடக்க வைப்பது பாதி வேலைதான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நான் நகர்த்தியதைத் தவிர வேறு எதுவுமே மாறியிருக்கக் கூடாது. வெளிச்சம் சற்றுக் குறைந்தால் திரை துடிக்கும். மேசை ஒரு நூல் விலகினால் கண்மாயே குலுங்கும். குதிரையை நகர்த்தியவை என் கைகள். மற்ற அனைத்தையும் அசையாமல் காத்துக் கொடுத்தவர்கள் நீங்கள்.

முதலில் வேளார் தாத்தாவுக்கு.

தாத்தா, உங்கள் வாசலுக்கு நான் வந்தபோது கையில் பென்சிலில் வரைந்த குதிரைப் படங்கள் மட்டும்தான் இருந்தன. அய்யனாருக்கு மண் குதிரை செய்து கொண்டுபோகும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் கொடுத்த பிறகே நீங்கள் வேலையைத் தொடங்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் சின்னப் படத்துக்கும் அந்த முறையை விடாமல், கண்மாயில் இருந்து ஒரு பிடி மண் எடுத்துவரச் சொல்லி, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டீர்கள். அந்த நிமிடமே இது செயல்திட்டம் என்ற நினைப்பு எனக்குப் போய்விட்டது.

மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி உங்கள் திண்ணையில் கற்றது. மணலும் உமியும் சேராத மண் சூளையில் நிற்காது என்றீர்கள். குதிரையின் காலும் வயிறும் உள்ளே கூடாக இருப்பதையும், சூடேறும்போது ஆவி வெளியேற ஆங்காங்கே துளை விடுவதையும் ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். ஒரு சாண் உயரத்தில் நீங்கள் வனைந்து சுட்டுத் தந்த புரவிகள்தான் படத்தில் கோயில் மேடையில் வரிசையாக நிற்கின்றன. அவை அசைய வேண்டியதில்லை. நடக்க வேண்டிய ஒரே குதிரையை மட்டும் சுட்ட மண்ணில் செய்ய முடியாது. பச்சை மண்ணிலும் முடியாது. விளக்குச் சூட்டில் ஈரம் வற்றி, மூட்டு மூட்டாக வெடித்துவிடும். அதனால் எண்ணெயும் மெழுகும் கலந்த, காயாத களிமண்ணை வாங்கினேன். அதைச் சுட்ட புரவிகளுக்குப் பக்கத்தில் வைத்தபோது அது பிளாஸ்டிக் பொம்மையாகத் தெரிந்தது. எந்த வண்ணத்தைக் கலந்தும் ஒட்டவில்லை.

வழி சொன்னது நீங்கள். சூளையில் உடைந்துபோன சில்லுகளை உரலில் இடித்து, வேட்டித் துணியில் சலித்து, அந்தத் தூளை என் களிமண்ணில் பிசையச் சொன்னீர்கள். நிறம் சேர்ந்தது, பளபளப்புப் போனது. நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது: தூள் சேர்ந்ததும் களிமண் இறுகி, சூட்டில் தொய்வது குறைந்தது. நடக்கும் அந்தக் குதிரைக்குள் உங்கள் சூளையில் வெந்த மண் இருக்கிறது, தாத்தா. கண்மாய்த் தரைக்கு மணலே சேர்க்காத வண்டலைப் பலகையில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் போட்டால் தானாகவே அழகாக வெடிக்கும் என்றதும் நீங்கள்தான். படத்தில் வருகிற அந்த வெடிப்புகளில் ஒன்றைக்கூட நான் கீறவில்லை.

குதிரை வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வளர்க்கும் மாமாவுக்கு அடுத்த நன்றி. 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படம்பிடித்து, பாய்ச்சலின் நடுவில் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுகின்றன என்று காட்டியதை வகுப்பில் படித்திருந்தேன். அந்தப் பாய்ச்சலைப் படத்தில் கொண்டுவரும் ஆசை எனக்கு இருந்தது. நீங்கள் கதையைக் கேட்டுவிட்டு, இருட்டில் வெடிப்பு விழுந்த தரையில் எந்தக் குதிரையும் பாயாது, ஒவ்வொரு காலாகப் பார்த்துத்தான் வைக்கும் என்றீர்கள். பிறகு உங்கள் குதிரையைக் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்திக் காட்டினீர்கள். இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். தலையும் சும்மா இருப்பதில்லை. நடையோடு சேர்ந்து தாழ்ந்து எழுகிறது. நடையில் எப்போதும் இரண்டு கால்களாவது தரையில் இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். அது எனக்குப் பெரிய பிடிமானமானது. தரையில் இருக்கும் காலைப் பலகையோடு திருகி நிறுத்தலாம் அல்லவா? அலைபேசியில் எடுத்துக்கொண்ட அந்தக் காட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நடைக் காட்சி முழுவதையும் முடித்தேன். படத்தைப் பார்த்த என் வழிகாட்டி ஆசிரியர் முதலில் பாராட்டியது அந்தத் தயங்கித் தயங்கி வைக்கும் நடையைத்தான்.

அந்தக் காலைத் திருகி நிறுத்த வழிசெய்தவர்கள் இரண்டு பேர். ஆசாரி அண்ணன் கனமான பிளைவுட்டில் மேசை செய்து, குளம்பு பதியும் ஒவ்வோர் இடத்திலும் துளை போட்டுக் கொடுத்தார். மேசைக் கால்களைச் சுற்றி மணல் மூட்டைகளை அடுக்கி, நாங்கள் இருவரும் மாறி மாறித் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே கூலியைப் பற்றிப் பேசினார். அதிலும் மரத்தின் விலையை மட்டுமே வாங்கிக்கொண்டார். சைக்கிள் கடைச் சித்தப்பா குதிரையின் நான்கு குளம்புகளிலும் புதைக்கத் தோதான நட்டுகளைத் தேடி எடுத்து, பலகைக்கு அடியில் இருந்து கையாலேயே திருகும்படி திருகாணிகளுக்குத் தலை வைத்துக் கொடுத்தார். குதிரையின் எலும்பான அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்குவதற்குத் துரப்பணத்தில் மாட்டிச் சுற்றும் வழியும் அவர் காட்டியதுதான். கையால் முறுக்கிய கம்பி ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் இறுகியும் இருக்கும். அந்தத் தளர்ந்த இடத்தில்தான் ஒடியும்.

மேசைக்கு அடியில் உட்கார்ந்து திருகியவள் என் தங்கை. எந்தக் கால் எழுகிறது, எது இறங்குகிறது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் குறித்துவைத்தவளும் அவள்தான். நான் தூக்கக் கலக்கத்தில் மேலே தடுமாறும்போதெல்லாம் அந்த நோட்டுதான் படத்தை நடத்தியது. அவளுக்கு நன்றி என்று எழுதினால் சண்டைக்கு வருவாள். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இனி வெளிச்சம். படப்பிடிப்புக்குப் பெரியப்பா தம் பழைய நெல் கிடங்கைக் கொடுத்தார். மாடி அறையாக இருந்தால் யாராவது நடக்கும்போது தளம் அதிரும். இது கெட்டியான தரை. சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டோம், பகலும் இரவும் ஒன்றாக. ஆனால் வெயிலை மூடலாம், மின்சாரத்தை மூட முடியாதே. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் விளக்கும் கூடவே ஏறி இறங்கியது. எலக்ட்ரீசியன் அண்ணன் ஒரு மாலை முழுக்க மீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மின்னழுத்தம் மாறினாலும் ஒரே அளவு மின்னோட்டம் தரும் டிரைவர் என்ற கருவி உள்ள எல்இடி விளக்குகளைப் பொருத்தினார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சாதாரண விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது என்பதையும், கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் விழாது என்பதையும் அவர்தான் பொறுமையாக விளக்கினார்.

அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சியது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும்போது கிடங்கின் சுவரில் மெல்லிய அதிர்வு வந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் பின்னணி வானம் தொங்கியது. அத்தை, நான் தயங்கித் தயங்கி வந்து கேட்டபோது நீங்கள் ஏன், எதற்கு என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விடியற்காலையில் ஒருமுறை மட்டும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டு, பகலெல்லாம் அதையே சிக்கனமாகச் செலவழித்தீர்கள். விருந்தாளிகள் வந்த நாளில்கூட, மோட்டார் போடலாமா என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் கொடுத்துக் கேட்டீர்கள். நெஞ்சு நிறைந்து போனது. திரையில் நட்சத்திரங்கள் நடுங்காமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உங்கள் நினைவுதான் வருகிறது.

திருமணப் படங்கள் எடுக்கும் ஸ்டூடியோ அண்ணன் தம் பழைய கேமராவையும் முக்காலியையும் கேட்டவுடன் கொடுத்தார். அதைவிடப் பெரிய உதவி, ஃபிலிம் காலத்து லென்ஸ் ஒன்றைப் பரணில் இருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தது. இந்தக் காலத்து லென்ஸ்களில் ஒவ்வொரு படத்துக்கும் ஒளி புகும் துவாரம் தானாகச் சுருங்கித் திறக்கும். ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசம் வரும். ஒற்றைப் படத்தில் அது தெரியாது. வரிசையாக ஓட்டினால் திரை மினுங்கும். பழைய லென்ஸில் வளையத்தைக் கையால் திருப்பி வைத்துவிட்டால் வைத்தபடியே இருக்கும். பேட்டரி மாற்றும்போது கேமரா ஆடிவிடக் கூடாது என்று, நேரே மின்சாரத்தில் ஓடும் அடாப்டர் ஒன்றையும் வாங்கிவந்து பொருத்திக் கொடுத்தார்.

கத்திரி வெயில் நாட்களில் மின்விசிறி போட முடியாது. காற்றுக்குக் குதிரையின் பிடரி மயிர் ஆடும். தூள் சேர்த்து இறுக்கியிருந்தும் நண்பகலில் குதிரையின் கழுத்து மெல்லத் தொங்கியது. அப்பத்தா வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாசலில் கட்டிவிட்டு, காய்ந்ததும் மறுபடி நனைப்பதைத் தம் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டார். குதிரைக்காகச் செய்ததில் நானும் பிழைத்தேன்.

மழைத்துளிகளுக்குக் கிளிசரின் போதும், தண்ணீரைப் போல ஆவியாகாது, வைத்த இடத்திலேயே முத்தாக நிற்கும் என்று யோசனை சொன்ன மருந்துக்கடை ஐயாவுக்கும், கண்மாய் நீருக்குக் கண்ணாடித் தாள் வெட்டுத் துண்டுகளைக் கொடுத்த பைண்டிங் கடை அண்ணனுக்கும், தன் கணினியை முழுதாக என்னிடம் விட்டுவிட்டுத் தன் பாடங்களை நூலகத்தில் படித்த தோழிக்கும் என் நன்றி.

கடம் வாசிக்கும் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தில் வசனம் கிடையாது. குளம்படிச் சத்தத்துக்குக் கொட்டாங்குச்சியைத் தட்டுவதுதான் வழக்கம். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். மண் குதிரையின் காலில் இருந்து மண்ணின் சத்தம்தான் வர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். நம் மானாமதுரைக் கடம் கனமும் தடிமனும் உள்ளது. அதன் நாதத்தில் ஒரு வெண்கலத் தெளிவு உண்டு. மேடையை விட்டு இறங்கும்போது கழுத்துப் பகுதியில் விரல் நுனியாலும், கண்மாய்க்குள் போனதும் வயிற்றில் உள்ளங்கையாலும் வாசித்தார். ஒரே கடத்தில் கல் தரையும் களர் நிலமும் கேட்டன. அந்தக் கடமும் நம் வேளார் தெருவில் பிறந்ததுதான் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

என் வழிகாட்டி ஆசிரியருக்கும் நன்றி. முதலில் எழுதிய கதையில் சிறுவன் ஒருவன், பூசாரி ஒருவர், உள்ளூர்ப் பஞ்சாயத்து எல்லாம் இருந்தார்கள். ஒரே ஒரு குதிரை போதும், அதற்கே ஓராண்டு சரியாக இருக்கும் என்று அவர் சொன்னார். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் இந்தப் படம் பாதியில் நின்றிருக்கும்.

கல்லூரித் திரையிடலுக்கு முன்பே இதை உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். தேர்வு நாட்களால் முடியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை பெரியப்பாவின் நெல் கிடங்கிலேயே திரை கட்டுகிறேன். குடும்பத்தோடு வந்துவிடுங்கள். சுட்ட புரவிகளை வேளார் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டேன். லென்ஸும் முக்காலியும் ஸ்டூடியோவுக்குத் திரும்பிவிட்டன. ஆசாரி அண்ணனின் மேசை மட்டும் கிடங்கில் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் தங்கை ஒருத்தி, கொக்கு ஒன்றை மண்ணில் செய்து பறக்கவிட வேண்டும் என்று வந்து நிற்கிறாள். விடுமுறையில் தொடங்கப் போகிறாள். மேசையும் விளக்குகளும் அவளுக்குத்தான். அத்தை, நீங்கள் மோட்டார் போடும் நேரத்தை அவளிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
நெல் கிடங்கில் குதிரை நடத்திய உங்கள் பிள்ளை