வலியே இல்லாதவங்களுக்கும் மாசா மாசம் கைரோபிராக்டிக்கா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு மலர்ல கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பையும் மூட்டையும் கையால அழுத்தி திருப்பி விடுற வைத்தியம், அத பத்தி வந்தத படிச்சேன். காடிய சர்வீஸுக்கு விடுற மாதிரி முதுகெலும்பையும் மாசம் ஒரு தடவ காட்டணும், வலி இருக்கோ இல்லையோ சின்ன புள்ளைங்களோட குடும்பமா போகணும்னு எழுதியிருந்தாங்க. நான் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுறவன், ஜொகூர் பினாங்குன்னு உக்காந்தே ஓட்டி இடுப்பு வலி விட்டு விட்டு வரும், கைரோகிட்ட போறவன்தான், அதனால இத வேணாம்னு சொல்ற ஆளு நான் இல்ல.

சுவீடன்ல 2018ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு. திரும்ப திரும்ப இடுப்பு வலி வர்றவங்க, அதுலயும் முதல் சில சிகிச்சையிலயே குணம் தெரிஞ்சவங்களா பாத்து 300 பேருக்கு மேல எடுத்து, பாதி பேர வலி இல்லாட்டியும் சொன்ன தேதிக்கு வாங்கன்னும், மீதி பேர வலி வந்தா மட்டும் வாங்கன்னும் விட்டாங்க. முறையா போனவங்களுக்கு வருசத்துல 13 நாள் கிட்ட வலி கம்மி, அதுக்காக அவங்க மத்தவங்கள விட கூடுதலா போனது சராசரியா ரெண்டு தடவ கூட இல்ல. அவ்ளோதான் விசயம். வலியே வராத ஆளுக்கும் பள்ளிக்கூட புள்ளைக்கும் இது எப்படி பொருந்தும்?

ஷாப்பிங் மால்ல மேசை போட்டு, நிக்க வெச்சு போட்டோ எடுத்து, உங்க தோள் சாஞ்சிருக்கு எலும்பு நகந்திருக்குன்னு பயமுறுத்தி, எக்ஸ்ரே எடுத்து 40 தடவைக்கு முன்பணம் கேக்குறாங்களே, எனக்கு கோவமே அதுலதான். எலும்பு நகந்தா எல்லா நோயும் வரும்ங்கிறது 1895ல அமெரிக்காவுல டேவன்போர்ட்ல இத ஆரம்பிச்ச பால்மர் காலத்து பேச்சு. மூட்டுல கேக்குற டொக் சத்தம் கூட எலும்பு எடத்துல உக்கார்ற சத்தம் இல்லீங்க, மூட்டு நீருக்குள்ள வாயு குமிழால வர்ற சத்தம்.

கழுத்து விசயத்துல இன்னும் கவனம் வேணும். வேகமா திருப்புறப்ப ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்த கேஸ் இருக்கு, அபூர்வம்தான், ஆனா அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன் 2014லயே இத நோயாளிகிட்ட முன்கூட்டியே சொல்லணும்னு சொல்லியிருக்கு. (முடிவெட்டுற கடையில சொடக்கு எடுத்து விடுறாங்களே, அங்கயும் கழுத்த குடுக்காதீங்க.) காலு மரத்து போய் ஒண்ணுக்கு போறதுலயும் சிக்கல்னா கைரோ பக்கமே போகாம நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

நம்ம மலேசியாவுல 2016 பாரம்பரிய, நிரப்பு மருத்துவ சட்டத்துக்குள்ள கைரோபிராக்டிக்கும் வருது, கோலாலம்பூர்ல ஐஎம்யூ பல்கலைக்கழகத்துல டிகிரியே படிக்கலாம். அப்போ கைரோ பாக்குறவருக்கு பதிவு இருக்கான்னு கேட்டு பாத்துட்டு போறதுல வெக்கம் என்ன இருக்கு?

நான் பாக்குற ஆளு முதுகுல கை வெக்கிறது கொஞ்ச நேரம், மீதி நேரம் பூரா பயிற்சிதான் சொல்லி குடுப்பாரு, ஆர் என் ஆர்ல (நெடுஞ்சாலை ஓய்வு எடத்துல) பஸ்ஸ நிறுத்துனா இறங்கி நடங்கம்பாரு, சீட்டுக்கு பின்னால என்ன வெக்கணும்னு சொல்வாரு. வலி இல்லேன்னா அடுத்த தேதிய தள்ளி போட்டு அனுப்பிடுவாரு. உங்க கட்டுரையில பயிற்சி பத்தி ஒரு வரி கூட இல்ல, அடுத்த தடவ போடும்போது ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் கேட்டு போடுங்க ஐயா.

இப்படிக்கு,
பஸ் ஓட்டுநர் ஒருவர், கிள்ளான்