சிக்னல் மேல் பழி போடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் கல்லூரிப் பிள்ளைகள் மொபைல் செயலி செய்வது இப்போது சாதாரணமாகிவிட்டது, அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பச்சைத் தேயிலை எடைக் கணக்கு, கேரட் உருளைக்கிழங்கு மண்டி விலை, பஸ் நேரம் என்று நம் ஊருக்கு வேண்டியதைத்தான் செய்கிறார்கள். நான் கோத்தகிரியில் இருந்தபடியே மென்பொருள் வேலை பார்ப்பதால் சில பேர் தங்கள் ப்ராஜெக்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே குறை: செயலி செய்ய உதவும் கருவி தானாகப் போட்டுக் கொடுத்த டெம்ப்ளேட் கோடிங், அதாவது தொடக்க மாதிரி, அப்படியே கிடக்கும், அதன் மேலேயே இவர்கள் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அதைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை.

விஷயம் புதிதாக இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே அதிகம் பயன்படுத்துவது ஃப்ளட்டர் என்ற செயலி செய்யும் கருவி, கூகுள் உருவாக்கியது, 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்தது. ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் ஓடுகிற நிலையில் ஒரு செயலியே வந்துவிடும். மேலே ஊதாப் பட்டை, நடுவில் ஒரு எண், கீழே கூட்டல் குறி போட்ட பொத்தான், அழுத்த அழுத்த எண் ஏறும், அவ்வளவுதான். எல்லாம் சரியாக நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கும், படித்துப் பழகுவதற்கும் வைத்தது அது. அதில் வரும் விளக்கக் குறிப்புகளும் 'எ நியூ ஃப்ளட்டர் ப்ராஜெக்ட்' என்ற வரியும் கடைசிவரை கிடந்தால் பார்க்க நன்றாயிருக்காது, ஆனால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. திரையில் தெரியாத சில விஷயங்கள்தான் ஆபத்து.

முதலாவது இணைய அனுமதி. செயலிக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு டெம்ப்ளேட்டில் மூன்று இடத்தில் இருக்கிறது. செயலியை எழுதிச் சோதிக்கும்போது பயன்படுகிற இரண்டில் இணைய அனுமதி உண்டு, ஏனென்றால் கணினியோடு பேசுவதற்குக் கருவிக்கே அது தேவை. மெயின் என்ற ஃபோல்டரில் இருக்கும் மூன்றாவதில் அது கிடையாது, நாம்தான் சேர்க்க வேண்டும். அதனால் லேபில் ஓட்டும்போது எல்லாம் அருமையாக நடக்கும், ரிலீஸ் ஏபிகே, அதாவது மற்றவர்கள் போனில் நிறுவுவதற்கான முழுமையான கோப்பு, எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினதும் யார் போனிலும் ஒரு தகவலும் வராது. சமவெளியில் இப்படி நடந்தால் கோடிங்கில் தேடுவார்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? கீழ்கோத்தகிரியிலும் மஞ்சூர் பக்கத்திலும் டவர் கிடைப்பது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் உடனே "சிக்னல் இல்லைப்பா" என்று முடித்துவிடுகிறோம். செய்தவரும் நம்புகிறார், வாங்கிப் போட்டுக்கொண்ட விவசாயியும் நம்புகிறார். ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும், அதற்குள் அந்தச் செயலி போனிலிருந்தே நீக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது செயலியின் அடையாளப் பெயர், அதை வைத்துத்தான் போனும் ஸ்டோரும் ஒரு செயலியை இன்னொன்றிலிருந்து பிரித்து அறிகின்றன. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் டெம்ப்ளேட் 'காம் டாட் எக்ஸாம்பிள்' என்று தொடங்கும் ஒரு பெயரை வைத்துவிடும், அந்தப் பெயரோடு போனால் ப்ளே ஸ்டோர் ஏற்றுக்கொள்ளாது. ஸ்டோருக்கே போகவில்லை, வாட்ஸாப்தானே என்றாலும் தப்ப முடியாது. ப்ராஜெக்ட் பெயரையும் மாற்றாமல், எடிட்டர் தந்த 'ஃப்ளட்டர் அப்ளிகேஷன் ஒன்று' என்ற பெயரிலேயே இரண்டு குழு செய்தால் இரண்டு செயலிக்கும் ஒரே அடையாளம். ஒரே லேப் கணினியில் எடுத்தவை என்றால், இரண்டாவதை நிறுவும்போது முதலாவது காணாமல் போய்விடும். புது ப்ராஜெக்ட் தொடங்கும் கட்டளையிலேயே 'ஆர்க்' என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அங்கேயே சொந்தப் பெயரைக் கொடுத்துவிடலாம். ஸ்டோரில் வெளியிட்ட பிறகு அந்தப் பெயரை மாற்றவே முடியாது, ஆகவே யோசித்து வையுங்கள்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது மூன்றாவது. ரிலீஸ் செயலிக்கு, அது யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும், அதைப் போடுவதற்கு ஒரு ரகசியச் சாவிக் கோப்பு வேண்டும். டெம்ப்ளேட்டில் தற்காலிகமாக, சோதிக்கும்போது பயன்படும் டீபக் சாவியையே போட்டு, உங்கள் சொந்தச் சாவியைச் சேருங்கள் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. டீபக் சாவி ஒவ்வொரு கணினிக்கும் வேறு. இந்த வருஷம் சீனியர்கள் ஒரு கணினியில் எடுத்துக் கொடுத்தார்கள், அடுத்த வருஷம் ஜூனியர்கள் வேறு கணினியில் திருத்தம் செய்து கொடுக்கிறார்கள் என்று வையுங்கள், பழையதன் மேல் புதியது ஏறாது. பழையதை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும், நீக்கினால் போனுக்குள்ளேயே சேமித்து வைத்த கணக்கும் அதோடு போகும். சிறு விவசாயிக்கு அது அன்றாடம் கொடுத்த இலையின் எடைக் கணக்கு. மாதக் கடைசியில் தேயிலை வாரியம் அறிவிக்கும் விலையையும் தொழிற்சாலை கொடுக்கும் பணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் வேறு என்ன இருக்கிறது?

சுத்தம் செய் என்றதும் கண்ணில் பட்டதை எல்லாம் அழிப்பவர்களும் உண்டு, அதுவும் வேண்டாம். எண் ஏறுகிறதா என்று தானாகச் சோதித்துப் பார்க்கும் மாதிரி டெஸ்ட் ஒன்று இருக்கும், அந்தத் திரையை எடுத்ததும் அது தோற்கும், உடனே டெஸ்ட் ஃபோல்டரையே தூக்கிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, எடை எழுதாமல் சேமி பொத்தானை அழுத்தினால் சேமிக்கக் கூடாது என்று உங்கள் திரைக்கு ஒரு டெஸ்ட் எழுதுங்களேன். மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது என்பதற்காக கோடிங் குறைகளைச் சுட்டிக்காட்டும் விதிகள் இருக்கும் அனாலிசிஸ் ஆப்ஷன்ஸ் கோப்பை அழிக்காதீர்கள், மறைந்திருக்கும் மெட்டாடேட்டா கோப்பையும் தொடாதீர்கள், பின்னால் பதிப்பு மாற்றும்போது கருவி அதைத் தேடும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஃபோல்டர்கள் தேவையில்லை என்றால் தாராளமாக எடுக்கலாம், வேண்டும்போது திரும்ப வரவழைக்க முடியும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: கருவி கொடுத்ததை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே முதலில் கிட்டில் (கோடிங்கில் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்து வைக்கும் கருவி) சேமி, சுத்தம் செய்து இரண்டாவது முறை சேமி, அப்புறம் உன் வேலையைத் தொடங்கு. கருவி எழுதியது எது, நீ எழுதியது எது என்பது பார்த்தவுடனே தெரியும். ஏஐ எழுதித் தருகிற இந்தக் காலத்தில் அது இன்னும் அவசியம். சுத்தம் செய்ய ஒரு மதிய நேரம் போதும், ஆனால் அந்த மதியத்தில் எந்தக் கோப்பு எதற்கு என்று தெரிந்துவிடுகிறது.

ஊட்டி, குன்னூர், கூடலூர் பகுதிக் கல்லூரிகளின் கணினித் துறை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் மதிப்பீட்டின் முதல் ரிவ்யூவில் திரையை மட்டும் பார்க்காமல், ரிலீஸ் ஏபிகேவைக் கல்லூரிக்கு வெளியே ஒரு போனில் நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். அடையாளப் பெயர் என்ன, சாவி எங்கே பத்திரமாக இருக்கிறது, அடுத்த வருஷம் யார் பொறுப்பு என்று கேளுங்கள், இதற்கும் மதிப்பெண் வையுங்கள். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்திலும் இதைப் பற்றி எழுத இடம் கொடுத்தால் நன்றாயிருக்கும், எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி