பனிவண்டியை ஏப்ரலில் கொண்டுவாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு முதல் பழைய பாம்பார்டியர் பி-12 பனிவண்டிகளின் பெரிய வேலைகளை, அதாவது உடலைப் பிரிப்பதையும் இன்ஜினை இறக்குவதையும், ஏப்ரல், மே மாதங்களில் மட்டுமே பட்டறைக்குள் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அக்டோபரில் குளிர் தட்டியதும் வண்டியை இழுத்துக்கொண்டு வருவது உங்களில் பலருடைய வழக்கம். பல வருடப் பழக்கத்தை மாற்றச் சொல்கிறோம். அதனால் காரணத்தை விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

எங்களிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவை பனியில் ஓடிக் கெட்டவை அல்ல. கோடையில் சும்மா நின்று கெட்டவை. மார்ச் கடைசியில் உறைந்த ஏரியிலிருந்து ஏறி வந்த வண்டி, பலகை இடுக்குகளில் பனிநீரும் பேரிங்குகளில் ஈரமும் டேங்கில் பழைய பெட்ரோலுமாகக் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. மேலே ஒரு தார்ப்பாய். அடுத்த ஆறேழு மாதம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இற்றுப்போவதும் துருப்பிடிப்பதும் அந்த மாதங்களில்தான் நடக்கின்றன.

பி-12இன் உடல் பிளைவுட் என்பது உங்களுக்குத் தெரியும். வட்ட ஜன்னல்களோடு, முன்னால் பனியில் சறுக்கும் இரண்டு ஸ்கீ, பின்னால் இன்ஜின், உள்ளே பன்னிரண்டு பேர் உட்காரும் இடம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற சிற்றூரில் 1940களில் இதை உருவாக்கியவர் ஜோசப்-அர்மான் பாம்பார்டியர். 1934ஆம் ஆண்டு ஜனவரியில் அவருடைய இரண்டு வயது மகன் இவோன் வயிற்றுச் சவ்வு அழற்சியால் இறந்தான். சாலையெல்லாம் பனி மூடிக்கிடந்ததால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. பனியில் ஓடும் வண்டிக்கான முயற்சியை அவர் பதினைந்து வயதிலேயே தொடங்கியிருந்தார். ரப்பர் போர்த்திய பற்சக்கரமும், ரப்பரும் பருத்தித் துணியும் சேர்ந்த பெல்ட்டும் கொண்ட அவருடைய அமைப்புக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு ஏழு பேர் போகும் பி-7, அதன்பின் பி-12. டாக்டர், தபால்காரர், பாதிரியார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் இதில் போனார்கள். 1948இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் குளிர்காலத்தில் பனியை அகற்றச் சட்டம் கொண்டுவந்ததும் விற்பனை சரிந்தது. சாலைக்குத் தேவைப்படாமல் போன இந்த வண்டி, இங்கே மானிடோபா மாகாணத்தின் உறைந்த ஏரிகளில் வலை இழுக்கும் மீனவர்களிடம் மட்டும் வேலையை விடவேயில்லை. உங்களில் சிலருடைய தாத்தா ஓட்டிய அதே வண்டியைத்தான் நாங்கள் இன்று தொடுகிறோம். இந்த வேலையில் அவசரம் காட்ட எங்களுக்கு மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மரவேலை. பிளைவுட் பலகையின் நடுவில் கெடுவது அரிது. விளிம்பில்தான் கெடும். அடுக்குகளின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும். உடல் சட்டத்தோடு சேரும் கீழ்விளிம்பு, இறுகிப்போன ரப்பருக்கு அடியில் ஜன்னல் வட்டம், ஒவ்வொரு போல்ட் துளையும் அப்படிப்பட்ட இடங்களே. ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று பேசும், இற்ற மரம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். ஏப்ரலில் வண்டி வந்தால் தண்ணீர் எந்த வழியாக நுழைகிறது என்பது கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அந்த இடம் இன்னும் ஈரமாக இருக்கும். அக்டோபரில் வந்தால் ஈரம் உலர்ந்து, கறை மட்டும் மிஞ்சும். அதை வைத்துத் தண்ணீர் வந்த வழியை ஊகிக்கத்தான் முடியும்.

இற்ற பகுதியை வெட்டி எடுத்துப் புதுப் பலகை ஒட்டும்போது, படகு கட்டுவோர் செய்வதுபோல எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இரு முனைகளையும் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படியவைக்கிறோம். 6 மில்லிமீட்டர் பலகை என்றால் சரிவு 48 மில்லிமீட்டர். இந்த இணைப்புக்கு எபாக்சி பிசின் வேண்டும். எபாக்சிக்கு உலர்ந்த மரமும் வெதுவெதுப்பும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பிசினைத் தடவினால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். ஹீட்டரை வைத்து அவசரமாக உலர்த்தினால் அடுக்குகள் பிரிந்துவிடும். கோடை முழுவதும் காற்றாட நிற்பதே சரி. அக்டோபரில் வந்த வண்டிக்கு அந்த அவகாசத்தை எங்களால் எப்படிக் கொடுக்க முடியும்?

ஒரு வேண்டுகோள். மரத்துக்கு மேல் கண்ணாடியிழை போர்த்திவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈர மரத்தின்மேல் அதைப் போர்த்தினால் வெளியே பளபளக்கும், உள்ளே மரம் மாவாகும். அப்படி வரும் வண்டிகளில் அந்தப் போர்வையை முழுவதும் உரித்த பிறகே விலை சொல்லுவோம். அதேபோல, பழைய வண்ணத்தைக் காய்ந்த நிலையில் தேய்த்துச் சுரண்ட வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். பிரேக் லைனிங், கேஸ்கட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அவற்றின் தூசியை உங்கள் வீட்டுக் கொட்டகையில் கிளப்பக் கூடாது.

பெல்ட் விஷயம் சிறியதுதான். இரண்டு ரப்பர் பெல்ட்டுகளையும் இரும்புக் குறுக்குச் சட்டங்கள் சேர்க்கின்றன. பற்சக்கரம் அந்தச் சட்டங்களைத் தள்ளித்தான் வண்டி நகர்கிறது. ஒரு பெல்ட் கூடுதலாக நீண்டால் சட்டம் கோணலாகி, பற்கள் ஒருபக்கமாகத் தேயும். அதனால் ஒன்றை மட்டும் மாற்றித் தரச் சொல்லாதீர்கள், ஜோடியாகவே மாற்றுவோம். இவை கடை அலமாரியில் கிடைப்பவை அல்ல. சொல்லிவைத்துச் செய்ய வேண்டும், அதற்கும் கோடைதான் ஏற்ற காலம். வீட்டில் நிறுத்தும்போது ஜாக்கி கொடுத்துச் சட்டத்தைக் கட்டைகளின்மேல் ஏற்றிப் பெல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். வெயில் படாமல் மூடுங்கள். ஸ்கீயை மண்ணில் விடாமல் பலகைமேல் வையுங்கள்.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் பின்னாளில் வேறு இன்ஜின் ஏறிவிட்டது. ஏரியில் வேலை செய்யும் வண்டிக்கு அது தவறென்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் பழைய கிரைஸ்லர் ஆறு சிலிண்டர் இன்ஜினே இன்னும் இருக்கிறது என்றால், தயவுசெய்து அதைக் கழற்றி எறியாதீர்கள். வால்வுகள் பிளாக்கிலேயே பக்கவாட்டில் அமைந்த அந்த இன்ஜின் மெதுவானது, உழைப்பாளி, சாதாரண மெக்கானிக்கின் கைக்கு அடங்குவது. அதற்கென்று ஒரு நோய் உண்டு. வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் நீளத்துக்கு ஒரு தட்டையான உலோகக் குழாய் உள்ளே கிடக்கிறது. குளிர்விக்கும் நீரைக் கடைசி சிலிண்டர் வரை பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. அது அரித்து ஓட்டையானால் நீரெல்லாம் முன்பக்கத்திலேயே வழிந்துவிடும், பின் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் கருகும். வெப்பமானி சாதாரணமாகவே காட்டும் என்பதுதான் கொடுமை. ரேடியேட்டரை மாற்றி, தெர்மோஸ்டாட்டை மாற்றி, பணத்தைச் செலவழித்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வருகிறார்கள். பம்பைக் கழற்றும் எந்த வேலையிலும் இந்தக் குழாயை உருவிப் பார்க்காமல் நாங்கள் மூடுவதில்லை. துருவில் ஊதி இறுகிப்போயிருந்தால் அதை வெளியே எடுக்கவே நேரம் ஆகும். பில்லில் அந்தக் கூலியைப் பார்த்தால் காரணம் இதுதான்.

கூலன்ட் கலவையில் கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவத்தையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி வைத்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். நம் ஊரில் அது போதாத இரவுகள் உண்டு. 60 பங்கு கிளைக்கால், 40 பங்கு தண்ணீர் என்று வைத்தால் மைனஸ் 50 வரை பயமில்லை. முழுக்கக் கிளைக்காலையே ஊற்றினால் இன்னும் நல்லது என்று எண்ண வேண்டாம். தண்ணீர் இல்லாத கிளைக்கால் அதைவிடச் சீக்கிரம் உறையும்.

கோடைக்கு நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் பேரிங்கை அரிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியும், டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிவிடுங்கள். வால்வு தண்டுகள் ஒட்டிக்கொள்ளாது. எல்லா கிரீஸ் முனைகளிலும் பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே பிதுங்கும்வரை புது கிரீஸ் ஏற்றுங்கள். இதை மார்ச்சில் செய்வதுதான் முக்கியம். அக்டோபரில் ஏற்றும் கிரீஸ் ஆறு மாதத் துருவின்மேல் தடவிய கிரீஸ். தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டாதீர்கள், காற்று நுழைய இடம் விடுங்கள். வண்டியின் அடித்தளத்தில் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

பேட்டரி பற்றியும் ஒரு எச்சரிக்கை. பழைய மின்னமைப்பு மாறாத வண்டிகள் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை சட்டத்தோடு இணைந்திருக்கும். பிக்கப் டிரக்கிலிருந்து கேபிள் போட்டு 12 வோல்ட் கொடுத்தால் பல்பும் இக்னிஷன் காயிலும் போய்விடும். குளிரில் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் முதலில் கேபிளின் தடிமனைப் பாருங்கள். 6 வோல்ட்டுக்குத் தடித்த கேபிள் வேண்டும். 12 வோல்ட் வண்டியின் கேபிளை வாங்கிப் போட்டிருந்தால் பேட்டரி மேல் பழி சொல்லிப் பயனில்லை.

கடைசியாக, எங்களுக்கு மிகவும் கவலை தரும் விஷயம். இந்த வண்டியில் இன்ஜினும் ஆட்களும் ஒரே உடலுக்குள் இருக்கிறார்கள். இன்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கட் ஊதினாலோ, இன்ஜின் மூடியின் ஓரம் சரியாக மூடாவிட்டாலோ கார்பன் மோனாக்சைடு நேராக உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் தூக்கமும் வந்தால் குளிரில் களைத்துவிட்டோம் என்றே தோன்றும், குறிப்பாக விடியற்காலையில் வலைக்குப் போகிறவர்களுக்கு. ஆகவே எந்த வேலைக்கு வந்த வண்டியானாலும் எக்ஸாஸ்ட் பாதையையும் இன்ஜின் மூடியையும் சோதிக்காமல் திருப்பித் தரமாட்டோம். இதற்குக் கட்டணம் கிடையாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. குளிரில் இயங்கும் தரமுள்ள கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை உள்ளே மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவருக்கென்று விற்பவை கடுங்குளிரில் நம்பத்தக்கவை அல்ல.

ஏரியில் ஓட்டத்துக்கு நடுவே பழுதாகும் வண்டிகளுக்கு இந்த மாத வரம்பு பொருந்தாது. பெல்ட் அறுந்தாலோ, பேரிங் போனாலோ, இன்ஜின் நின்றாலோ குளிர்காலத்தில் எந்த நாளும் கூப்பிடலாம். வரம்பு, உடலைப் பிரிக்கும் வேலைக்கும் இன்ஜினை இறக்கும் வேலைக்கும் மட்டுமே. ஏப்ரலில் வண்டியை ஏற்றிவரும்போது கழுவ வேண்டாம், உலர்த்த வேண்டாம், கழன்று விழுந்த ஆணி, போல்ட், ரப்பர்த் துண்டு எதுவானாலும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். பழைய பாகத்தைப் பார்த்தால்தான் அதே அளவில் புதியது செய்ய முடியும். அடுத்த குளிர்காலத்துக்கு வண்டி வேண்டுமென்றால் மார்ச் முடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கொட்டகையில் இடம் ஒதுக்கிவைக்கிறோம்.

அன்புடன்,
பட்டறையில் உள்ள அனைவரும்