அமெரிக்காவில் கிளினிக் நடத்தும் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் டெக்சாஸில் ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதிக்கொடுக்கும் மேற்படிப்பு முடித்த நர்ஸாக, வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, இங்கே வந்து நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதி, ஐ.சி.யூ.வில் சில வருடங்கள் இருந்துவிட்டு, அப்புறம் வேலையை விடாமலேயே எம்.எஸ்.என். என்னும் நர்சிங் முதுகலை படித்தவள். உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் கிளினிக்கில் ஒரு எஃப்.என்.பி., அதாவது குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர், மாணவருக்கு இடம் கொடுங்கள். அவரைக் கூடவே வைத்துக் கற்றுக்கொடுக்கும் பிரிசெப்டராக இருங்கள்.

இந்தப் படிப்பில் மருந்தியல், நோய் உடலியல், உடல் பரிசோதனை எல்லாம் கடினம்தான். ஆனால் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். பலரைத் தள்ளாட வைப்பது கிளினிக்கல் மணி நேரம். 2022-இல் வந்த தேசியத் தரநிலைப்படி குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளை நேரடியாகப் பார்க்க வேண்டும்; முன்பு அது 500 ஆக இருந்தது. குடும்ப மருத்துவம் என்பதால் குழந்தைகள், கர்ப்பிணிகள், பெரியவர்கள், முதியவர்கள் என்று எல்லா வயதினரையும் பார்த்தாக வேண்டும். அதை முடித்த பிறகுதான் சான்றிதழ் தேர்வு, லைசென்ஸ் எல்லாம்.

அந்த மணி நேரத்தை எங்கே, யாரிடம் முடிப்பது? பல கல்லூரிகள் இந்தக் கேள்வியை மாணவர் தலையிலேயே கட்டிவிடுகின்றன. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர், காலை ஒன்பது மணிக்கு கிளினிக் திறக்கும்வரை தூங்காமல் காத்திருந்து போன் போடுகிறார். ரிசப்ஷனில் எடுப்பவர் "ஃபேக்ஸ் அனுப்புங்கள்" என்பார். ஃபேக்ஸ் போகும், பதில் வராது. குழந்தைகள் நலமும் மகளிர் நலமும் கிடைப்பது இன்னும் கஷ்டம். இடம் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனவர்களை எனக்குத் தெரியும். கல்லூரிக்கு ஃபீஸும் கட்டி, இடம் பிடித்துத் தரும் ஏஜென்சிக்குத் தனியாக ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்தவர்களையும் தெரியும்.

இந்த அலைச்சல் உங்களுக்குப் புதிதல்ல. சென்னையிலோ மதுரையிலோ எம்.பி.பி.எஸ். முடித்து இங்கே வந்த உங்களில் எத்தனை பேர், ஒரு டாக்டரின் கூடவே இருந்து பார்க்கும் அப்சர்வர்ஷிப்புக்காக முகம் தெரியாத டாக்டர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பியிருப்பீர்கள்? எங்கோ ஒருவர் சரி என்றார். அவர் எழுதிக்கொடுத்த கடிதம், டாக்டர்கள் மருத்துவமனையில் பெறும் பயிற்சியான ரெசிடென்சிக்கு வழி திறந்தது. அதன்பின் உங்கள் பயிற்சிக்கு முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுத்தது. நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சிக்கு அப்படி நிலையான நிதி இல்லை. 2012-இல் ஐந்து மருத்துவமனைகளை வைத்து மெடிகேர் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. அதில் ஒன்று எங்கள் ஹூஸ்டனில் இருந்தது. சில வருடங்களில் அது முடிந்துபோனது. ஜார்ஜியா, மேரிலாந்து, ஹவாய் போன்ற மாநிலங்கள் பிரிசெப்டர்களுக்கு வருமான வரியில் சலுகை தருகின்றன. டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது என்பதால் அந்த வழியும் இங்கே அடைபட்டுவிட்டது. ஆக, இன்றைக்கு இந்தப் பயிற்சி பெரும்பாலும் நல்ல மனதுள்ள சிலரை நம்பித்தான் நடக்கிறது.

"மாணவர் இருந்தால் வேலை மெதுவாகும்" என்பீர்கள். முதல் சில வாரங்கள் ஆகத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் நோயாளியைத் தொட்டே பார்க்காதவர்கள் அல்ல. பெரும்பாலோர் பல வருடம் படுக்கையருகே நின்று வேலை பார்த்த ஆர்.என்.கள், அதாவது பதிவு பெற்ற நர்ஸ்கள். இன்னொன்றையும் உங்களில் சிலர் கவனிக்காமல் இருக்கலாம். 2020 ஜனவரி முதல், மாணவர் எழுதிய குறிப்பை நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும் என்று மெடிகேர் விதி மாறிவிட்டது. இது நர்ஸ் பிராக்டிஷனர் மாணவர்களுக்கும் பொருந்தும். நோயாளியை நீங்களும் பார்க்க வேண்டும், முடிவும் உங்களுடையதுதான்; ஆனால் முழுக் குறிப்பையும் திரும்ப உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. காப்பீடு, ஒப்பந்தம் போன்றவற்றைக் கல்லூரியிடம் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது வழக்கமான வேலை.

இதைவிடக் கனமான தயக்கம் ஒன்று உண்டு. "எங்கள் ரெசிடென்சி எங்கே, இவர்களுடைய 750 மணி நேரம் எங்கே?" என்று விருந்துகளில் பேசிக் கேட்டிருக்கிறேன். கணக்கு சரிதான். ரெசிடென்சியில் அது சில மாதத்து வேலை. அதனால்தான் அந்த 750 மணி நேரம் யாரிடம் கழிகிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது. பயிற்சி போதவில்லை என்று கவலைப்படுகிறவர் கற்றுக்கொடுக்க முன்வராவிட்டால், கிடைத்த இடத்தில் கிடைத்ததைக் கற்றுக்கொண்டு மாணவர் வெளியே வருவார். நாளை அவர் பார்க்கப்போவது உங்கள் ஊர் நோயாளிகளைத்தான். இந்தத் தொழிலே ஒரு நர்ஸும் ஒரு டாக்டரும் சேர்ந்து தொடங்கியது. 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் முதல் பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார்கள்.

நல்ல பிரிசெப்டரிடம் என்ன கிடைக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சர்க்கரை ஏறிக்கொண்டே போன ஒரு நோயாளி. மெட்ஃபார்மின் தவறாமல் சாப்பிடுவதாகச் சொன்னார். என் பிரிசெப்டர் அடுத்த மருந்துக்குப் போகவில்லை. மாத்திரை டப்பாவை வாங்கி, அதன் மேல் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்துவிட்டு, மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். மூன்று மாதத்துக்கு முன் வாங்கியது, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கடிந்துகொள்ளாமல், "வயிறு படுத்துகிறதா?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் தலையாட்டினார். லாரி ஓட்டுபவர், பாதி வழியில் எங்கே இறங்கி ஓடுவார்? மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, இரவுச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லி அனுப்பினார். டப்பாவை வாங்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது.

பயிற்சி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற விசா விதியிலிருந்து விலக்கு தரும் ஜே-1 வேவரில் சிற்றூர்களுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட டாக்டர்களிடம் இதைக் கூடுதலாகவே கேட்கிறேன். சுற்றுவட்டாரத்தில் வேறு டாக்டர் இல்லாத ஊரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி எஃப்.என்.பி. படித்தால் அங்கேயே தங்கி வேலை பார்க்க வாய்ப்பு அதிகம். அவளுக்குப் பயிற்சி தர உங்களை விட்டால் ஆளில்லை.

வாரம் இரண்டு நாள், ஒரு செமஸ்டர், ஒரே ஒரு மாணவர். அருகிலுள்ள நர்சிங் கல்லூரியின் கிளினிக்கல் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மெயில் போட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் முடிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், இலையுதிர் கால செமஸ்டருக்கு வசந்த காலத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. உங்களால் முடியாத நிலை என்றால், ரிசப்ஷனில் வந்து கிடக்கும் அந்த ஃபேக்ஸுக்கு "இப்போது இயலாது" என்று ஒரு வரி அன்றே அனுப்பச் சொல்லுங்கள். அந்த மாணவர் அடுத்த கிளினிக்கை அழைக்கலாம்.

அன்புடன்,
டெக்சாஸிலிருந்து ஒரு நர்ஸ் பிராக்டிஷனர்